31-ஆம் அத்தியாயம்: நிலவு ஏன் கிழக்கில் உதித்தது?

பதினேழாம்வளைவு | மாலை 6.50

ஏற்காட்டில் மூன்று நாளாக மூடுபனி. எதிர்வீட்டு வேலிகூடத் தெரியவில்லை. மின்சாரமும் வருவதும் போவதுமாக இருந்ததால், அமாவாசைக்கு வந்த, நம் விண்வெளிப் போர்த் தொடர்கதையின் 31-ஆம் அத்தியாயத்தை நேற்றிரவுதான் படித்து முடித்தேன். இனி இந்தக் கதை எங்கே போகப்போகிறது? மொத்தம் 36 அத்தியாயம் என்று ஆசிரியர் முன்பே சொல்லிவிட்டார். ஐந்துதான் பாக்கி.

இடையில் விட்டவர்களுக்காகச் சுருக்கம். செவ்வாய்க்கும் செரஸுக்கும் தண்ணீர்ச் சண்டை. செரஸ் சிறுகோள் பட்டையிலேயே மிகப் பெரியது, குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர், உள்ளே பனிக்கட்டி ஏராளம். விண்கலங்களுக்கும் சுற்றுப்பாதை நிலையங்களுக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. ஒப்பந்தப் பங்கைத் தரவில்லை என்கிறது செவ்வாய். பழைய பாக்கியைத் தீர்த்தால் தருகிறோம் என்கிறது செரஸ். செவ்வாயைச் சுற்றிக் காத்திருந்த நான்கு போர்க்கலங்களுக்கு 31-இல் வட துருவத் தலைமையகத்திலிருந்து தலைமைத் தளபதியின் கட்டளை வருகிறது. படைத்தலைவர் ஒரு கேள்வி கேட்டு உறுதிசெய்துகொள்கிறார். எந்திரங்கள் எரிந்து அணைகின்றன. தொடரும்.

என் ஊகம்: இனி அவர்களால் திரும்பவே முடியாது. எங்கள் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில் பாதி ஒடித்த பஸ், வீட்டில் அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன் என்று திரும்ப முடியுமா? மேலே போய்த்தான் திரும்ப வேண்டும். மீதி ஐந்து அத்தியாயமும் மேலே போகும் கதைதான்.

ஜவ்வரிசி | மாலை 7.15

நான் எட்டாவது அத்தியாயத்திலேயே கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. செவ்வாயின் துருவங்களிலேயே வேண்டிய அளவு பனி இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் கிணறு இருக்கும்போது எதற்காக ஊர்தாண்டிப் போய்க் குடத்தோடு சண்டை போட வேண்டும்? போருக்கான காரணமே ஓட்டை. ஓட்டைப் பானையில் உலை வைத்துவிட்டு, சோறு எப்போது வேகும் என்று ஊகம் செய்துகொண்டிருக்கிறோம்.

ஓய்வூதியர் | மாலை 7.40

நல்ல கேள்வி. பதில் கிணற்றின் ஆழத்தில் இருக்கிறது. செவ்வாயின் ஈர்ப்பிலிருந்து ஒரு பொருள் தப்ப வினாடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் வேண்டும். செரஸில் அரை கிலோமீட்டர் போதும். வேகம் பத்தில் ஒரு பங்கு என்றால், செலவாகும் ஆற்றல் நூறில் ஒரு பங்கு. செவ்வாயில் வாழ்பவர்கள் குடிக்கச் செவ்வாய்ப் பனி போதும். விண்வெளியில் திரியும் கலத்துக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்றால் செரஸ்தான் மலிவு. கொல்லைக் கிணறு இருந்தாலும் அது ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர் அணையை 1934 முதல் பார்த்துவரும் ஊர்க்காரர்களுக்கு இந்தப் போர் புரியாமல் போகக் கூடாது. 93.47 டி.எம்.சி. கொள்ளளவு என்பதல்ல பெரிது. மதகு யார் கையில், எந்தத் தேதியில் திறக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டெல்டாவுக்கு ஜூன் 12 எப்படியோ, அப்படி இந்தக் கதையிலும் ஒரு தேதி இருக்கிறது. செவ்வாயிலிருந்து செரஸுக்குக் குறைந்த எரிபொருளில் போக ஏற்ற நிலை 3 ஆண்டு 2 மாதத்துக்கு ஒருமுறைதான் அமையும். ஆசிரியர் அதை 'முகூர்த்தம்' என்றே எழுதுகிறார். அந்தப் பாதையில் பயணம் ஏறத்தாழ 1 ஆண்டு 7 மாதம்.

இரவுப்பணி | இரவு 8.05

பத்தொன்பது மாதம்! 29-ஆம் அத்தியாயத்தில் இரண்டாவது கலத்தின் பொறியாளர் கர்ப்பமாக இருப்பதைத் தன் அறைத்தோழியிடம் மட்டும் சொன்னாளே, நினைவிருக்கிறதா? போய்ச் சேர்வதற்குள் அந்தக் குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடக்கவே தொடங்கிவிடும். நான் பிரசவ வார்டில் வேலை பார்ப்பவள், எனக்குக் கண்ணில் பட்டது அதுதான். மற்றவர்கள் பீரங்கியைப் பற்றிப் பேசுங்கள்.

மாங்கொட்டை | இரவு 8.20

பீரங்கி இருக்கட்டும். 31-இல் ஒரு பெரிய பிழை இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லையா? கட்டளையின் கடைசியில் தலைமைத் தளபதி வீட்டுக் கடிதம்போல இரண்டு வரி சேர்க்கிறார். இரவு உணவுக்கு முன் மாடியில் நின்றேன், போபோஸ் கிழக்கே எழுந்தது, படுக்கப் போகும்போது மேற்கே விழுந்துவிட்டது, உங்களை நினைத்துக்கொண்டேன் என்கிறார். படைத்தலைவர் கண் கலங்குகிறார்.

செவ்வாயின் நிலவான போபோஸ் கிழக்கே எழாது! அது செவ்வாயை 7 மணி 39 நிமிடத்தில் சுற்றிவிடுகிறது. செவ்வாய் தன்னைத்தானே சுற்ற 24 மணி 37 நிமிடம் ஆகிறது. தரை சுழல்வதைவிட நிலவு வேகமாக ஓடுகிறது. அதனால் மேற்கே எழுந்து கிழக்கே மறையும். இவ்வளவு கணக்குப் போடும் ஆசிரியர் இதில் வழுக்கிவிட்டாரே!

ஜவ்வரிசி | இரவு 8.24

சொன்னேனே, ஓட்டைப் பானை.

தறிச்சத்தம் | இரவு 8.50

தம்பி, அது டெய்மோஸாக இருக்கலாம் அல்லவா? செவ்வாய்க்கு இரண்டு நிலவு உண்டே.

மாங்கொட்டை | இரவு 8.58

இல்லை அக்கா. டெய்மோஸ் கிழக்கேதான் எழும், ஆனால் ஊர்ந்து ஊர்ந்து போகும். எழுந்து மறைய இரண்டரை நாளுக்கும் மேல் ஆகும். உணவுக்கு முன் எழுந்து தூக்கத்துக்கு முன் மறைவது போபோஸ் மட்டும்தான், நான்கு மணி நேரச் சங்கதி அது. பெயரும் போபோஸ் என்றே எழுதியிருக்கிறது.

பதினேழாம்வளைவு | இரவு 9.30

மின்சாரம் போய்விட்டது, கைபேசியில் தட்டுகிறேன். இருட்டில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. இது ஆசிரியரின் பிழை என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? கடிதம் எழுதியவனின் பிழையாக இருந்தால்?

செவ்வாயில் வயதான ஒரு தளபதி நிலவு எழும் திசையை மாற்றி எழுதுவாரா? எங்கள் எஸ்டேட்டில் பழகிய யாரும் பகோடா பாயிண்டிலிருந்து சூரியன் மறைவதைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டார்கள். அது கிழக்குப் பார்த்த இடம், காலையில் போக வேண்டும். அந்தியைப் பார்க்க லேடீஸ் சீட்டுக்குத்தான் போவார்கள். மாற்றிச் சொன்னால் ஆள் வெளியூர் என்று அர்த்தம்.

அந்தக் கட்டளை போலி.

மாங்கொட்டை | இரவு 9.33

ஐயோ.

வெள்ளைக்கல் | இரவு 10.10

போலி என்றால் யார் போட்ட போலி? வழக்கமாக யோசித்தால் செரஸ்காரர்கள்: படையைச் செவ்வாயை விட்டுக் கிளப்பிவிடும் தந்திரம். ஆனால் செரஸுக்கு நிலவே கிடையாதே. நிலவையே பார்க்காமல் வளர்ந்தவன் நிலவைப் பற்றி எழுத வேண்டும் என்றால் புத்தகத்தைத் திறந்து பார்த்துத்தான் எழுதுவான், அதனால் சரியாகவே எழுதுவான். யோசிக்காமல் 'கிழக்கே எழுந்தது' என்று எழுதிவிடக் கூடியவன், பிறந்ததிலிருந்து நிலவு கிழக்கே எழுவதைப் பார்த்தவன்.

பூமிக்காரன்.

31 அத்தியாயத்தில் பூமி எத்தனை முறை வருகிறது என்று இப்போதுதான் எண்ணினேன். மூன்றே முறை. மூன்று முறையும் 'பூமி நடுநிலை வகிக்கிறது' என்ற ஒரே வாக்கியம். இவ்வளவு நீளமான கதையில் ஒருவர் ஒரே வாக்கியத்தை மூன்று முறை எழுதினால் அது மறதியா, வேண்டுமென்றேவா?

ஜவ்வரிசி | இரவு 10.25

அற்புதம். நான் ஒரு கேள்வி கேட்கிறேன். ஆசிரியரும் பூமிக்காரர்தானே? அவரும் பிறந்ததிலிருந்து நிலவு கிழக்கே எழுவதைத்தானே பார்த்திருக்கிறார்? உங்கள் போலிக்கடிதக்காரனுக்குச் சொல்லும் காரணம் முழுவதும் ஆசிரியருக்கும் பொருந்துகிறது. ஒரே தடயத்தில் இரண்டு குற்றவாளிகள்.

இன்னொன்று. எழுதியவனுக்குப் போபோஸ் நான்கு மணி நேரத்தில் வானத்தைக் கடக்கும் என்று தெரிந்திருக்கிறது, திசை மட்டும் தெரியவில்லையா? வேகம் தெரிந்தவனுக்குத் திசையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஓய்வூதியர் | இரவு 10.50

இரண்டாவது கேள்விக்கு மட்டும் இப்போது பதில். 34 ஆண்டு இயற்பியல் நடத்தியவன் சொல்கிறேன்: தெரியும், தெரியாது என்று இரண்டாகப் பிரிக்க முடியாது. காலையில் சூத்திரத்தைக் கரும்பலகையில் சரியாக எழுதிக் காட்டும் மாணவன், மாலையில் தன் சைக்கிள் பிரேக்கைப் பற்றிப் பேசும்போது அதே சூத்திரத்துக்கு எதிராகப் பேசுவான். வேகம் அவன் படித்த எண். திசை அவன் கண் பழகியது. எழுதும்போது கண் பழகியதுதான் முந்திக்கொள்ளும்.

முதல் கேள்வி வலுவானது. அதற்கு ஒரே வழி, ஆசிரியர் வேறு எங்காவது போபோஸைச் சரியாக எழுதியிருக்கிறாரா என்று தேடுவது.

மாங்கொட்டை | இரவு 11.40

தேடிவிட்டேன்! நாளை தேர்வு, ஆனால் தேடிவிட்டேன்.

7-ஆம் அத்தியாயம். செவ்வாய் நடுக்கோட்டுக்கு அருகில் ஒரு குடியிருப்பு. சமையலறை விபத்தில் இடது கையைச் சுட்டுக்கொண்ட சிறுமி தூக்கம் வராமல் சன்னலருகே உட்கார்ந்திருக்கிறாள். "மேற்கே எழுந்த நிலவு அவள் காயக்கட்டை மாற்றி முடிப்பதற்குள் கூரைக்கு மேல் வந்துவிட்டது" என்று வருகிறது. மேற்கே! ஆசிரியருக்குத் தெரியும்!

ஓய்வூதியர் | மறுநாள் காலை 5.30

முதலில், தேர்வுக்குப் போ.

இரண்டாவது, இரவு தூங்காமல் நானும் ஒன்று பார்த்தேன். போபோஸ் செவ்வாய்க்கு மிக அருகில், மையத்திலிருந்து சுமார் 9,400 கிலோமீட்டரில், நடுக்கோட்டுக்கு மேலாகவே சுற்றுகிறது. இவ்வளவு தாழ்வாகச் சுற்றும் நிலவைத் துருவப் பக்கம் இருப்பவர்கள் பார்க்க முடியாது. கோளின் வளைவு மறைத்துவிடும். எல்லை ஏறத்தாழ 70 பாகை அட்சரேகை. 4-ஆம் அத்தியாயத்தில் தலைமையகம் வட துருவப் பனியின் ஓரத்தில், 80 பாகையில் இருப்பதாகத் தெளிவாக எழுதியிருக்கிறது.

ஆகவே கிழக்கா மேற்கா என்பதே வீண் வாதம். அந்த மாடியில் நின்றால் போபோஸ் தெரியவே தெரியாது. மலைக்கு மறுபக்கம் இருக்கும் ஊர்த் தேரைப் பார்த்தேன் என்று சொல்வதுபோல.

தறிச்சத்தம் | காலை 7.10

உடம்பு சிலிர்த்துவிட்டது ஐயா. இரண்டு தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் என் வீட்டுக்காரருக்கு இதைக் கத்திக் கத்திச் சொன்னேன். அவர் 'அப்படியானால் பாவு சரி, ஊடைதான் தப்பு' என்றார். ஆசிரியர் முதலிலேயே நீளவாக்கில் நூலை ஒழுங்காகக் கட்டிவிட்டார், குறுக்கே ஒரு இழையை வேண்டுமென்றே நிறம் மாற்றி விட்டிருக்கிறார் என்று அர்த்தம். புடவையில் அதற்குப் பெயர் பிழை இல்லை, புட்டா.

பதினேழாம்வளைவு | காலை 8.00

இன்னொரு இழை. படைத்தலைவர் உறுதிசெய்ய ஒரு கேள்வி கேட்கிறாரே, பதில் எப்போது வந்தது? "காப்பியில் ஏடு படிந்தபோது பதில் வந்தது." படிக்கும்போது வெறும் வருணனை என்று கடந்துவிட்டேன். சுற்றுப்பாதையில் இருக்கும் கலத்துக்கும் கீழே இருக்கும் தலைமையகத்துக்கும் இடையே ஒளி போய்வர ஒரு வினாடிகூட ஆகாதே. ஏடு படியும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

காப்பி விளையும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சோதிக்காவிட்டால் எப்படி? பாலைப் பொங்கவிட்டு, தம்ளரில் ஊற்றி, ஆற்றாமல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏடு நன்றாகப் படிய ஏழு நிமிடம். இங்கே குளிர். சேலத்து வெயிலில் இன்னும் கொஞ்சம் ஆகலாம். மூன்று தம்ளர் சோதித்துவிட்டேன், கை நடுங்குகிறது.

(எடையற்ற இடத்தில் தம்ளரில் காப்பி எப்படி என்று கேட்காதீர்கள். கலம் சுழல்கிறது, 12-இல் சொல்லியிருக்கிறார்.)

ஓய்வூதியர் | காலை 9.15

ஏழு நிமிடமா? அப்படியானால் கணக்குப் போடலாம்.

குறைந்த எரிபொருள் பாதையில் புறப்படும் நாளில் செரஸ் செவ்வாயைவிடச் சுமார் 57 பாகை முன்னால் இருக்க வேண்டும். அந்த நிலையில் இரண்டுக்கும் இடைத்தூரம், பூமி சூரியன் தூரத்தைப்போல 2.3 மடங்கு. ஒளி ஒருவழி போக 19 நிமிடத்துக்கு மேல். கேள்வி போய்ப் பதில் வர ஏறத்தாழ 39 நிமிடம். செரஸ்காரர்கள் பதில் சொல்லியிருந்தால் காப்பியில் ஏடு படிந்து, ஆறி, ஈயும் விழுந்திருக்கும். தலைமையகம் என்றால் நொடிக்குள். பூமி என்றால், இரண்டு கோள்களும் இருக்கும் இடத்தைப் பொறுத்துப் போய்வர 6 நிமிடம் முதல் 44 நிமிடம்வரை. மிக நெருங்கியிருக்கும் காலத்தில் ஆறுக்குச் சற்று மேல்.

ஏழு என்பது பூமிக்கு மட்டும் பொருந்துகிறது.

ஜவ்வரிசி | காலை 9.40

அல்லது செவ்வாய்க்குப் பக்கத்தில் பதுங்கியிருக்கும் ஏதாவது ஒரு கலத்துக்கு. அல்லது வயதான தளபதி யோசித்துப் பதில் சொன்னதற்கு. அல்லது படைத்தலைவர் ஏடு எடுக்காத பாலில் காப்பி குடிப்பவர் என்பதற்கு. காப்பித் தம்ளரை வைத்துக் கோள்களை அளக்கிறீர்கள், வாழ்க.

ஆனால் துருவத்து விஷயம் என்னை அசைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சரி, போலி என்றே இருக்கட்டும். அதனால் என்ன? படை கிளம்பிவிட்டது, 17-ஆம் வளைவுக்காரர் சொன்னபடி திரும்ப முடியாது. போய் அடிப்பார்கள். போலிக் கட்டளையில் நடந்த போரும் போர்தான்.

வெள்ளைக்கல் | பிற்பகல் 1.20

போய் அடிப்பது அவ்வளவு எளிதா? 28-ஆம் அத்தியாயத்தில் கலங்கள் 'போர்வை போர்த்திக்கொண்டு' யாருக்கும் தெரியாமல் போகும் என்று வருகிறதே, அதைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்டுச் செங்கல் ஆக்கும் தொழிலில் இருப்பவன். ரயிலில் வரும்போது வெள்ளையாகத் தெரியுமே சுண்ணாம்புக் கரடு, அந்தக் கல். உலைக்குள் 1,500 பாகை செல்சியஸுக்கு மேல். முன்னால் நின்றால் முகம் எரியும். காற்றை நிறுத்தினாலும் எரியும், ஏனென்றால் வெப்பம் கதிராக வருகிறது. விண்வெளியில் வெப்பம் வெளியேற அந்த ஒரு வழிதான் உண்டு. நம் அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பே 460 வாட் அளவுக்குக் கதிர் வீசும். கெல்வின் கணக்கில் வெப்பநிலையை இரட்டிப்பாக்கினால் கதிர் 16 மடங்கு. சுற்றிலும் இருக்கும் வானமோ 2.7 கெல்வின். அந்த இருட்டில் மனிதர்கள் வாழும் கலம் என்பது அமாவாசை இரவில் எரியும் சூளை.

போர்வை என்றால் வெப்பத்தை உள்ளேயே அடக்க வேண்டும். எதில் அடக்குவது? பனிக்கட்டியில். ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் உறிஞ்சும். பத்து லட்சம் வாட் கழிவு வெப்பம் உள்ள கலம் என்று வைத்தால் வினாடிக்கு 3 கிலோ, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 260 டன் பனி உருகும். பத்தொன்பது மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். அவ்வளவு பனியை யார் விற்பார்கள்? செரஸ்தான். எதிரியிடம் ஒளிந்துகொள்ள எதிரியிடமே போர்வை கடன் வாங்க வேண்டும்.

ஓய்வூதியர் | பிற்பகல் 2.00

உருகியதோடு நிறுத்தாமல் ஆவியாகும்வரை காய்ச்சி வெளியே விட்டால் பனித் தேவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் விட்ட ஆவி சூரிய ஒளியில் வால்நட்சத்திரம்போலத் தெரியும். ஆகவே உங்கள் முடிவு மாறவில்லை: ஒளிய முடியாது. செரஸில் இருப்பவர்கள் இந்நேரம் எந்திரச் சுடரைப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் 'திரும்ப முடியாது' என்பதை மறுக்க வேண்டியிருக்கிறது. செவ்வாயின் ஈர்ப்பைத் தனியே விட்டுவிட்டுத் தோராயமாகச் சொன்னால், இந்தப் பாதையில் ஏற அவர்கள் கூடுதலாகப் பெற்ற வேகம் வினாடிக்கு 3.3 கிலோமீட்டர். அங்கே போய் நிற்க வைத்திருக்கும் எரிபொருள், பாதைகள் ஒரே தளத்தில் இருந்தால் 2.8-க்குப் போதும். அதை வைத்துத் திரும்ப முடியாது, பஸ் உவமை சரி. ஆனால் செரஸின் பாதை 10 பாகைக்கு மேல் சாய்ந்தது. அந்தச் சாய்வையும் சரிசெய்து நிற்க வேண்டும் என்றால் வினாடிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தை மாற்றும் அளவுக்கு எரிபொருள் தொட்டியில் இருந்தாக வேண்டும்.

நான்கு, 3.3-ஐவிடப் பெரியது. அவர்களால் திரும்ப முடியும்! ஆனால் உடனே. நாள் ஆக ஆகச் செவ்வாய் ஒரு பக்கம் போகும், இவர்கள் ஒரு பக்கம் போவார்கள், செலவு ஏறிக்கொண்டே இருக்கும். திரும்பிவிட்டால் செரஸுக்குப் போக எரிபொருள் இராது, முகூர்த்தம் தவறும், அடுத்தது மூன்று ஆண்டுக்குப் பிறகு.

பதினேழாம்வளைவு | பிற்பகல் 2.30

பஸ்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் ஐயா. அப்படியானால் 32-ஆம் அத்தியாயம் முழுவதும் அந்தச் சில நாட்கள்தான். கலத்தில் யாராவது ஒருவர் கட்டளையை மறுபடி படித்து, நிலவு தப்பாக எழுந்திருக்கிறதே என்று கண்டுபிடிக்க வேண்டும். யார்? படைத்தலைவர் நிலையத்தில் பிறந்து வளர்ந்தவர், செவ்வாய்த் தரையில் இரவைக் கழித்ததே இல்லை என்று 12-இல் வருகிறது. அதனால்தான் கண் கலங்கினார், கண் திறக்கவில்லை.

இரவுப்பணி | மாலை 4.45

இப்போதுதான் எழுந்தேன். மேலே எல்லாவற்றையும் படித்துவிட்டு 29-ஐ மறுபடி எடுத்தேன்.

அந்தக் கர்ப்பிணிப் பொறியாளர் இடது கையில் மட்டும் கையுறை போட்டிருக்கிறாள். தூங்கும்போதும் கழற்றுவதில்லை. அறைத்தோழி அதைக் கேலி செய்கிறாள். 7-ஆம் அத்தியாயச் சிறுமி சுட்டுக்கொண்டது எந்தக் கை?

தீக்காயத் தழும்பை எத்தனையோ பேர் இப்படி மூடிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். படித்தபோது ஏன் தோன்றவில்லை என்று என்மேலேயே கோபமாக வருகிறது.

மாங்கொட்டை | மாலை 4.47

மேற்கே எழுந்த நிலவைப் பார்த்தவள்!! அக்கா!!

தறிச்சத்தம் | மாலை 5.30

அவள்தான் சாட்சி. அந்த நிலவை வலியோடு பார்த்தவள், திசையை மறக்க மாட்டாள்.

ஆனால் எனக்குப் பொறியாளரைவிட செரஸின் நீர்க் கணக்காளர்மேல்தான் கண். 30-ஆம் அத்தியாயத்தில் அவள் 400 பேருக்கான தண்ணீரைத் தனியே ஒதுக்கிப் பூட்டி வைக்கிறாள். எதற்கு என்று மேலதிகாரி கேட்டபோது சிரிக்கிறாள். நான்கு கலம், கலத்துக்கு நூறு பேர். கட்டளை வந்தது 31-இல். அதற்கு முன்பே இவள் எப்படி உலை வைத்தாள்?

ஜவ்வரிசி | மாலை 5.50

அவளும் சதியில் கூட்டு. இதற்குமேல் என்ன வேண்டும்?

வெள்ளைக்கல் | மாலை 6.05

அவசரப்படாதீர்கள். ஜூன் 12 நெருங்கினால் மேட்டூரில் இருந்து அறிவிப்பு வரும் முன்பே டெல்டாவில் நாற்றங்காலுக்கு வயலைத் தயார் செய்வார்கள். தண்ணீர் வருகிறதோ இல்லையோ, தேதி தெரியும். முகூர்த்தத் தேதி செரஸில் குழந்தைக்கும் தெரியும். படை வந்தால் இந்த முறைதான் வரும். வந்தால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கணக்காளர் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள்?

இரவுப்பணி | மாலை 6.20

அக்கா, எண்ணைத் திரும்பப் பாருங்கள். 400 இல்லை. 401.

தறிச்சத்தம் | மாலை 6.31

பார்த்தேன். 401-தான். என் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

இரவுப்பணி | மாலை 6.38

அந்த ஒன்று குழந்தை. கர்ப்பம் அறைத்தோழிக்கு மட்டும்தான் தெரியும். அறைத்தோழி செரஸுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். ஒற்று வேலைதான், ஆனால் அனுப்பிய செய்தி கலங்களின் எண்ணிக்கையோ ஆயுதமோ அல்ல, ஒரு குழந்தை வருகிறது என்பது. கதை செரஸில்தான் முடியும், குழந்தை நடந்து இறங்குவதில் முடியும் என்பது என் முடிவு. ஐயாவின் கணக்குப்படி திரும்ப முடிந்தாலும் அவர்கள் திரும்ப மாட்டார்கள். போர்க்கட்டளை போலி என்று தெரிந்த பிறகும் போவார்கள், வேறு வேலைக்காக.

ஜவ்வரிசி | மாலை 7.02

இரண்டரை ஆண்டாக இந்தத் தொடரை ஆளாளுக்குத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள், 401 என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லையே. கல்யாண வீட்டில் யாராவது 400 ரூபாய் எழுதியிருக்கிறீர்களா? 401 எழுதுவோம். அது மொய்!

ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான், எண்ணைப் பார்த்தால் சரக்குக் கணக்கா மொய்க் கணக்கா என்று தெரியும். பங்கீடு என்றால் 400, அல்லது சேதாரம் சேர்த்து 420. ஒன்று மட்டும் கூட வைத்தால் அது அளந்து கொடுப்பது அல்ல, கொடுத்தனுப்புவது. அவள் எதிரிக்குத் தண்ணீர் அளக்கவில்லை, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மொய் எழுதி வைத்திருக்கிறாள்.

தறிச்சத்தம் | மாலை 7.10

ஓட்டைப் பானை என்றவரா இது?

ஜவ்வரிசி | மாலை 7.14

பானை ஓட்டைதான். உள்ளே இருப்பது நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஓய்வூதியர் | மாலை 7.50

குழந்தையா மொய்யா என்பதில் எனக்குக் கருத்து இல்லை. ஆனால் செரஸில் ஆக்கேட்டர் என்ற பள்ளத்தில் பளிச்சென்று வெள்ளைத் திட்டு இருக்கிறது, 2015-இல் 'டான்' விண்கலம் அருகே போய்ப் படம் எடுத்தது. அது சோடியம் கார்பனேட். நம் சுண்ணாம்புக் கரட்டு வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். உருவான விதம் வேறு, குடும்பம் ஒன்று. கணக்காளரின் அலுவலகச் சன்னலில் அந்த வெள்ளைத் திட்டு தெரிவதாக ஆசிரியர் மூன்று இடத்தில் எழுதுகிறார். எழுதுகிறவர் சேலம் வழியாக ரயிலில் போனவர் என்று மட்டும் ஊகிக்கிறேன்.

மாங்கொட்டை | இரவு 8.15

தேர்வு சுமாராக எழுதினேன், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

பந்தயம் வைப்போம். 32-இல் கையுறைக்காரி கட்டளையைப் படித்துப் பிழையைக் கண்டுபிடித்தால் நாங்கள் வென்றோம். வேறு யாராவது கண்டுபிடித்தாலோ, யாருமே கண்டுபிடிக்காவிட்டாலோ ஜவ்வரிசி அண்ணன் வென்றார். தோற்ற பக்கம் எல்லாருக்கும் தட்டு வடை செட் வாங்கித் தர வேண்டும்.

ஜவ்வரிசி | இரவு 8.20

இது என்ன நியாயம்? நான் மொய் என்றேன், பிழையைப் பற்றி வாதமே இல்லையே இப்போது. மொய் என்று வந்தால் நான், குழந்தை என்று வந்தால் இரவுப்பணி. அதுதான் பந்தயம்.

இரவுப்பணி | இரவு 8.31

சம்மதம். இரண்டும் இல்லை என்றால் ஐயா வாங்கித் தரட்டும், கருத்து சொல்லாமல் தப்பித்ததற்கு.

பதினேழாம்வளைவு | இரவு 8.55

எனக்கும் ஒரு செட் எடுத்து வையுங்கள், நான் மலையிலிருந்து இறங்கி வருகிறேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஏழு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காரச் சட்னி குறைவாக.